மூசையின் கதை: கொடுமணல் முதல் டிராம்பே வரை

1795-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் ஓர் ஆய்வுரை அளித்தார். அதன் தலைப்பிலேயே நம்ம பம்பாய் இருக்கிறது. பம்பாயில் செய்யப்படுவதும் அங்கே 'வூட்ஸ்' என்று வழங்கப்படுவதுமான ஒருவகை எஃகைப் பற்றிய சோதனைகள் என்பது அத்தலைப்பின் சாரம். மும்பைத் தமிழர்களாகிய நாம் இதைப் படித்துப் பெருமைப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. ஏனென்றால் அந்த எஃகு பம்பாயில் செய்யப்பட்ட சரக்கே இல்லை. கம்பெனியின் மருத்துவராக இங்கே பணியாற்றிய ஹெலீனஸ் ஸ்காட் என்பவர், ராயல் சொசைட்டித் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு 1794-இல் இங்கிருந்து மாதிரிகளை அனுப்பிவைத்தார். கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயர் சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டது. வியாபாரத்தில் இது சகஜம். மோக்கா துறைமுகத்திலா காப்பி விளைந்தது? மலைமேல் விளைந்து துறைமுகத்துக்கு இறங்கி வந்தது. பெயர் மட்டும் துறைமுகத்துக்குப் போச்சு. வூட்ஸும் அப்படித்தான். 'உக்கு' என்ற கன்னடச் சொல்லின் திரிபு அது என்பர். நம் வழக்கில் உருக்கு.

இந்த எஃகைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. டமாஸ்கஸ் வாள், சேரநாட்டு இரும்பு, ரோமாபுரி ஏற்றுமதி எல்லாம் அன்பர்கள் அறிந்ததே. நான் பேச எடுத்துக்கொண்டது வாளை அல்ல, உலையை. அதிலும் உலைக்குள்ளே வைக்கிற மூசையை. காரணம் எளிது. பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் நாற்பது ஆண்டுக்கு மேலாக ஆய்வகச் சாமான் விற்றுப் பிழைப்பவன் நான். பீங்கான் மூசை, கிராஃபைட் மூசை, மஃபில் உலை, அதற்கு வேண்டிய கம்பி, குழாய், பற்றுக்குறடு இவைதான் என் சரக்கு. கல்லூரி வாசல் ஏறியது சாமான் இறக்கத்தான். படித்ததெல்லாம் கடை அடைத்த பிறகு. இத்தனை காலத்தில் வாடிக்கையாளர் எவர் வந்து 'உலை கெட்டுப்போச்சு' என்று சொன்னாலும் நான் முதலில் கேட்பது, 'உள்ளே எதில் வச்சீங்க?' என்பதுதான். பாதிக்கு மேல் அங்கேதான் குற்றம் இருக்கும். ஒரு கல்லூரியில் பீங்கான் மூசையில் சோடா உப்பைப் போட்டு ஆயிரம் டிகிரிக்கு ஏற்றிவிட்டார்கள். உருகிய சோடா பீங்கானில் உள்ள சிலிக்காவைத் தின்று, மூசையை ஓட்டையாக்கி, உலையின் தரையையும் அரித்துவிட்டது. கம்பி நன்றாகத்தான் இருந்தது. பழி மட்டும் கம்பி விற்றவன் தலையில்.

தீ மூட்டுவது பெரிய வித்தை இல்லை. கரியும் காற்றும் இருந்தால் 1,400 டிகிரி செல்சியஸ் எட்டிவிடலாம். நம் முன்னோர் எட்டினார்கள். அந்தச் சூட்டில் தான் உருகாமல், விரியாமல், உள்ளே இருப்பதைக் கெடுக்காமல் நிற்கிற பாத்திரம் எது என்பதே கேள்வி. உயர்வெப்ப ஆய்வின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியை வைத்துப் படித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று சொல்லப்படும் ஊர் என்பது அறிஞர் முடிவு. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது இரும்பு உலைகளும் சூட்டில் கண்ணாடிபோல் இளகி இறுகிய மூசை ஓடுகளும் கிடைத்தன. மதுரைக்கு அருகே அழகர்மலையில் எங்கள் சமணத் துறவியரின் கற்படுக்கைகளை அமைத்துத் தந்தவர்களின் பெயர்கள் தமிழிக் கல்வெட்டுகளாக உள்ளன. அதில் உப்பு வாணிகன், அறுவை வாணிகன், பொன்கொல்லன் இவர்களோடு ஒரு கொழு வாணிகனும் வருகிறான். கொழு என்றால் ஏர்க்கொழு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பு, விற்று வாங்குகிற சரக்காகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்த களம் ஒன்றை அடையாளம் கண்டு 1994-இல் எழுதியவர் சாரதா ஸ்ரீநிவாசன். இவர் நம் பவாய் ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்தவர். அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த எம்.ஆர். ஸ்ரீநிவாசனின் மகள். கொடுமணலுக்கும் டிராம்பேக்கும் என் கட்டுரையில் நான் போடப் பார்க்கிற பாலம் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இருப்பது வியப்புத்தான்.

செய்முறையை எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்து, பிறகு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். சிறு களிமண் மூசை. அதில் ஏறக்குறைய ஒரு ராத்தல் இரும்புத் துண்டுகள். கூடவே நறுக்கிய ஆவாரங் கட்டை. மேலே ஓரிரண்டு பச்சிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து உலர்த்த வேண்டும். இப்படி இருபது முதல் இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, மரக்கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால் ஆச்சு. ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி. ஆவாரங் கட்டை கரியாகி இரும்புக்குக் கரிமம் ஊட்டுகிறது. தூய இரும்பு 1,538 டிகிரியில்தான் உருகும். ஒன்றரை விழுக்காடு கரிமம் ஏறியதும் உருகுநிலை நூறு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். அதனால்தான் துருத்திச் சூடே போதுமானதாயிற்று. பச்சிலையிலிருந்து வரும் வாயுவும் கரிமமேற்ற உதவுகிறது என்று கருதிய ஹீத், சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர் இரும்பை வாயுவால் எஃகாக்க 1825-இல் வாங்கிய காப்புரிமையை இதற்கு ஒப்பிட்டார். மழைக்கோட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்தாரே, அதே மாக்கின்டாஷ்தான். மும்பைக்காரர் மறக்கக்கூடாத பெயர்.

இந்த மூசையின் மண்ணைப் பாருங்கள். களிமண்ணோடு நெல் உமியை நிறையப் பிசைந்திருக்கிறார்கள். வெறும் களிமண் சூட்டில் சுருங்கி வெடிக்கும். உமி காற்றில்லாமல் வெந்தால் கரியாகிறது. அதில் உள்ள சிலிக்கா அப்படியே நிற்கிறது. கரி இருப்பதால் கசடு எளிதில் ஒட்டாது. ஒரு கீறல் விழுந்தாலும் அது நீளாமல் உமி இருந்த இடத்தில் நின்றுவிடும். தெலங்கானாவில் கோனசமுத்திரம் என்ற ஊரின் மூசை ஓடுகளை 1990-ஐ ஒட்டித் தெல்மா லோ என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். களிமண் அந்தச் சூட்டில் முல்லைட் என்ற இழைபோன்ற படிகமாக மாறி ஓட்டுக்கு வலுவூட்டியிருப்பதைக் கண்டார்கள்.

முல்லைட்! அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஸ்காட்லாந்தின் மல் தீவின் பெயரால் 1924-இல் பெயர் பெற்ற கனிமம் அது. இன்று குழாய் உலை வாங்குகிற எந்த ஆய்வகமும் கேட்கிற முதல் சரக்கு முல்லைட் குழாய்தான். நான் பெட்டி பெட்டியாக விற்றது, எங்கள் ஊர்ப்பக்கத்து மூசைக்காரன் உமியும் மண்ணும் பிசைந்து, பெயர் தெரியாமலே செய்த பொருள்.

லண்டன் வழியாக ஒரு சுற்று

இனி ஒரு கசப்பான சேதி. 'கொடுமணல் கொல்லனின் பேரன்தான் டிராம்பே விஞ்ஞானி' என்று நம் விழாக்களில் யாராவது முழங்குவதும் நாம் கைதட்டுவதும் உண்டு. நானும் தட்டியிருக்கிறேன், மரியாதைக்கு. வரலாறு அப்படி நேர்கோட்டில் போகவில்லை. நடுவே சங்கிலி அறுந்தது. அறுந்த இடத்தைச் சொல்லாமல் பெருமை பேசுவது கணக்குப் புத்தகத்தில் நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டு லாபம் காட்டுவது போலாகும்.

பியர்சனுக்குப் பிறகு மைக்கேல் ஃபாரடே இந்த எஃகை எடுத்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, 1819 முதல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஊதுலை வைத்து, வூட்ஸைப் போலச் செய்து பார்க்க முனைந்தார். அதன் மகிமைக்கு அலுமினியம் காரணம் என்று எண்ணினார். அது சரியில்லை. பாரிஸ் நாணயச்சாலையில் மாற்றுப் பார்க்கும் அதிகாரியாக இருந்த பிரேயான் என்பவர்தான் கரிமத்தின் மிகுதியே காரணம் என்று கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார். ஆனால் ஃபாரடே அதோடு நிற்கவில்லை. வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று ஒவ்வொன்றையும் எஃகோடு உருக்கிப் பார்த்தார். கலப்பு எஃகு ஆராய்ச்சி என்று இன்று சொல்லும் துறைக்கு அதுவே தொடக்கங்களில் ஒன்று. நம் மூசைக் கட்டி அங்கே போய் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. இங்கே?

இங்கே ஹீத் 1830 வாக்கில் தொடங்கிய பரங்கிப்பேட்டை ஆலை நட்டத்திலேயே ஓடி, கைமாறி, அந்த நூற்றாண்டு முடியுமுன் அணைந்தது. ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டுக்காரர்கள் அதனால் பெரும் பணம் பண்ணினார்கள். அவரோ வழக்காடியே 1851-இல் இறந்தார். நம் சிற்றுலைகளைக் கப்பலில் வந்த மலிவு இரும்பு வீழ்த்தியது. கரிக்கு மரம் வேண்டும். 1882-இன் மதராஸ் வனச்சட்டத்துக்குப் பின் காட்டு மரம் சர்க்கார் மரம். உலை அணைந்தது. மூசை வாங்க ஆள் இல்லாதபோது மூசை செய்வதும் நின்றது. மறைபொருளாகப் பொத்திவைத்ததால் அழிந்தது என்பார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ஹீத் பார்த்து எழுதும்படி திறந்த வெளியில்தான் செய்திருக்கிறார்கள். விற்காத சரக்கை யார் செய்வார்?

பெட்டி, குழாய், சுருள், வில்

ஆய்வக உலைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் விவரித்தால் என் கடையின் விலைப்பட்டியல் ஆகிவிடும். வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

மஃபில் என்பது முதலில் உலையின் பெயரல்ல. உலைக்குள் இருந்த மண்பெட்டியின் பெயர். வெளியே கரி எரியும். புகையும் சாம்பலும் படாமல் பொருள் பெட்டிக்குள் இருக்கும். ஆக அதுவும் ஒரு பாத்திரம்தான். மின்சாரம் வந்தபின் பெட்டியைச் சுற்றிக் கம்பி சுற்றினார்கள். 1906-இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய 1,150 டிகிரி வரை தாங்கும். 1931-இல் ஸ்வீடனில் வந்த காந்தல் கம்பி 1,400 வரை. அதற்கு மேல் சிலிக்கன் கார்பைடு தண்டு. இன்னும் மேலே மாலிப்டினம் டைசிலிசைடு, அது 1,800 டிகிரி பக்கம் போகும். விலையும் அப்படியே ஏறும்.

சூட்டை அளப்பதில் கொல்லனுக்குக் கண்ணே கருவி. மங்கிய சிவப்பு, செம்மை, ஆரஞ்சு, மஞ்சள், வெண்மை என்று நிறம் பார்த்துச் சொல்வான். அனுபவசாலி ஐம்பது டிகிரிக்குள் சொல்லிவிடுவான் என்பது என் கண்கூடு. 1886-இல் லெ ஷாட்லியே பிளாட்டினம், ரோடியம் கம்பிகளை இணைத்து வெப்ப இணை செய்தபின்தான், ஓர் ஊரில் செய்த சோதனையை இன்னோர் ஊரில் அதே சூட்டில் திரும்பச் செய்ய முடிந்தது. பட்டறை உலைக்கும் ஆய்வக உலைக்கும் உள்ள வேற்றுமை இந்த இடத்தில் இருக்கிறது. தாராவி கும்பார்வாடாவில் சௌராஷ்டிரக் குயவர்கள் பஞ்சுக் கழிவு எரித்துச் சுடும் சூளைகளைப் பாருங்கள். அகல்விளக்கு வெந்தால் போதும். 800 டிகிரியா 850-ஆ என்று அங்கே யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. பக்கத்துச் சந்தில் பழைய அலுமினியம் உருக்குபவருக்கு 660 டிகிரி தாண்டினால் காரியம் முடிந்தது.

பாத்திரம் என்றால் தாங்குவது மட்டும்தானா? கோட்டைப் பகுதியில் 1829-இல் கட்டி முடித்த நம் தங்கசாலையிலும், ஜவேரி பஜாரிலும் பொன் மாற்றுப் பார்க்கும் புடத்தில் வேறு அதிசயம். பொன்னை ஈயத்தோடு சேர்த்துக் குப்பெல் என்ற சிறு கிண்ணத்தில் வைத்துக் காற்றோடு சுடுவார்கள். ஈயம் பிற உலோகங்களையும் இழுத்துக்கொண்டு ஆக்சைடாகி, கிண்ணம் அதைக் குடித்துவிடும். பொன்னும் வெள்ளியும் மட்டும் மணியாக மேலே நிற்கும். குடிக்கிற பாத்திரம்! பழைய குப்பெல் எலும்புச் சாம்பலில் செய்வது. எங்கள் குடும்ப வழக்கத்தில் அதைத் தொட மாட்டோம். மக்னீசியாவில் வார்த்தவை வந்தபின்தான் அந்தச் சரக்கைக் கடையில் வைத்தேன்; அதுவரை வந்த வாடிக்கையை எதிர்க்கடைக்கு அனுப்பினேன்.

1892-இல் ஆன்றி முவாசான் பாரிஸில் மின்வில் உலை செய்தார். இரண்டு சுண்ணாம்புக் கட்டிகளைக் குடைந்து, இரண்டு கரித்தண்டுகளுக்கு நடுவே மின்வில் மூட்டினார். 3,000 டிகிரியை எட்டியபோது அந்தச் சுண்ணாம்புச் சுவரே உருகி ஓடியது. தீ பாத்திரத்தை முந்திவிட்டது. அதற்குப் பிறகு எல்லா முயற்சியும் பாத்திரம் தேடிய முயற்சிதான்.

டிராம்பே

செம்பூரில் குடியிருக்கும் நம்மவர் பலர் பேருந்து ஏறி வேலைக்குப் போன இடம் டிராம்பே. 1954-இல் அங்கே அணுசக்தி நிலையம் அமைந்தது. 1967-இல் பாபாவின் பெயர் பெற்றது. 1959 ஜனவரியில் அங்கே அணு உலைத் தரத்தில் முதல் யுரேனியக் கட்டி வார்க்கப்பட்டது. உலோகவியல் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் பிரம் பிரகாஷ். 1960-இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலையின் முதல் எரிபொருளில் ஒரு பகுதி இந்த உலோகத்தால் ஆனது.

யுரேனிய உலோகம் எடுக்கும் முறையைப் படித்தபோது எனக்கு ஹீத்தின் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. யுரேனிய ஃபுளோரைடு உப்போடு கால்சியம் அல்லது மக்னீசியத்தைக் கலந்து, உள்ளே ஃபுளோரைடு தூள் பூசிய எஃகுக் கலத்தில் இட்டு, வாயை இறுக மூடிச் சூடேற்றுவார்கள். உள்ளே வினை பற்றிக்கொண்டதும் கலத்துக்குள்ளேயே சூடு பெருகி, உலோகம் உருகி அடியில் சேரும். கசடு மேலே நிற்கும். ஆறியபின் திறந்து கட்டியை எடுக்க வேண்டும். ஆவாரங் கட்டை இல்லை, துருத்தி இல்லை. மற்றபடி மூடிய மூசை, அதே மூடிய மூசை. பிறகு அக்கட்டியைக் கிராஃபைட் மூசையில் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, செப்புச் சுருளில் உயர் அதிர்வெண் மின்சாரம் செலுத்தி உருக்குவார்கள். தூண்டல் உலை என்பது இது. யுரேனியம் கிராஃபைட்டைத் தின்னும் என்பதால் மூசைக்கு உள்ளே மக்னீசியா போன்ற பூச்சு வேண்டும். பூச்சு உரிந்தால் உலோகத்தில் கரிமம் ஏறிவிடும். நம் கொல்லன் கரிமம் ஏற வேண்டும் என்று தவமிருந்தான், இவர்களுக்கு ஏறக்கூடாது.

எரிபொருள் வில்லைகளுக்கு வேறு பாத்திரம். யுரேனிய ஆக்சைடை வில்லையாக அழுத்தி, மாலிப்டினத் தட்டில் அடுக்கி, ஹைட்ரஜன் வாயு ஓடும் உலையில் 1,700 டிகிரி பக்கம் இறுக்குவார்கள். மாலிப்டினம் 2,600 டிகிரி வரை உருகாது. ஆனால் அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் வெண்புகையாகப் போய்விடும். ஆகவே உலைக்குள் ஓடும் வாயுவும் பாத்திரத்தின் ஒரு பகுதி என்றே கொள்ளவேண்டும்.

சிர்க்கோனியத்துக்கு இதுவும் பலிக்கவில்லை. 1,855 டிகிரியில் உருகும் அந்த உலோகம் எந்த மண் மூசையையும் கிராஃபைட்டையும் விட்டுவைக்காது. கடைசியில் கண்டுபிடித்த பாத்திரம் செம்பு! செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடுமே என்று கேட்பீர்கள். செம்புக் கலத்தின் புறத்தே தண்ணீரை ஓடவிட்டு, வெற்றிடத்தில் மின்வில்லால் மேலிருந்து உருக்கினால், செம்பைத் தொடும் உலோகம் உடனே உறைந்து தானே ஒரு தோலாகிவிடுகிறது. உருகிய சிர்க்கோனியம் சிர்க்கோனிய மூசையிலேயே இருக்கிறது. இதைவிட அழகான மூசையை நான் அறியேன், விற்கவும் முடியாது.

வியாபாரி என்ற முறையில் எனக்கு உறுத்துவது மூலப்பொருள் கணக்கு. சேலத்துச் சுண்ணாம்புக் கரடுகளில் உள்ளது மக்னசைட். மக்னீசியா மூசைக்கு அதுவே ஆதாரம். சிவகங்கையில் டாமின் வெட்டியெடுப்பது கிராஃபைட். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் சிர்க்கானும் மோனசைட்டும். மூசைக்கு வேண்டிய நால்வகைச் சரக்கும் தமிழ் மண்ணில். நான் தொழிலுக்கு வந்த காலத்தில், 1991-க்கு முந்திய லைசென்ஸ் நாட்களில், மாட்டுங்காவில் உள்ள வி.ஜே.டி.ஐ., யூ.டி.சி.டி. பக்கம் சாமான் கொண்டுபோனால் பேராசிரியர்கள் மூசையைக் கவிழ்த்து அடியில் ஜெர்மன் முத்திரை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்று கிடைத்த உள்ளூர் மூசை இரண்டாம் சூட்டில் கீறும். மணலாகப் போனது, பத்து மடங்கு விலையில் மூசையாகத் திரும்பி வந்தது. இடையே இருந்த அறிவுக்குத்தான் அந்த விலை. இப்போது உள்நாட்டு அலுமினா, முல்லைட் நன்றாகவே வருகின்றன. இருந்தும் மிக உயர்ந்த தரம் கேட்பவர்களுக்கு இறக்குமதிதான் எடுத்துத் தருகிறேன்.

மோனசைட்டிலிருந்து தோரியம் பிரிக்கும் ஆலை டிராம்பேயில் 1955-இல் வந்தது. கியாஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் நைட்ரேட் அங்கே தயாரானது. அந்தத் தோரியத்தின் ஆக்சைடுதான் ஆக்சைடுகளிலேயே மிக அதிகச் சூட்டில் உருகுவது. 3,300 டிகிரி வரை கட்டியாகவே நிற்கும். முவாசானின் சுண்ணாம்புச் சுவர் ஓடிய சூட்டில் மணவாளக்குறிச்சி மணலில் பிறந்த தோரியா மூசை உருகாது. கதிரியக்கம் உள்ள பொருளாதலால் அதைக் கடையில் வைத்து விற்க முடியாது. ஆண்டுக்கு ஓரிருவராவது கேட்டு வருகிறார்கள். டிராம்பே இருக்கும் திசையைக் காட்டி அனுப்பிவிடுவேன்.